முறைக்கு விலை போட்டவன்

முதல் நாள்

முப்பது வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு, சென்னையில் ஒரு கேம் கம்பெனியில் ஆலோசகராகச் சேர்ந்தேன். படகு ஓட்டும் சிமுலேஷன் கேம் ஒன்றுதான் அவர்கள் சரக்கு. அதற்குப் பழவேற்காடு ஏரியை ஆட்-ஆனாக, அதாவது தனிக் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் பகுதியாகச் செய்து விற்கப் போகிறார்கள். ஏரியைத் தெரிந்த ஆள் வேண்டும். மேனேஜர் தினகரன், என் கடைசி வருட மாணவர்களைவிட இளையவர், அன்றைக்கே தொழில் ரகசியத்தைச் சொல்லிவிட்டார்.

"சார், துப்பாக்கி கேம்னா ஊரே வாங்கும். படகு கேம் வாங்குறவன் கம்மி. ஆனா வாங்குறவன் பைத்தியம். என்ஜின் சத்தம் ஒரிஜினலா இல்லன்னா நாலு பக்கத்துக்குப் புகார் எழுதுவான். கம்மியா இருக்கான், பைத்தியமாவும் இருக்கான். அவனுக்கு எதுக்கு சார் டிஸ்கவுண்ட்?"

எனக்கு அருவருப்பு வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது.

ஏகாம்பரம்

ஏரியைப் பற்றி நான் படித்தது எல்லாம் புத்தகத்தில் இருந்தது. பழவேற்காட்டு மீனவர் ஏகாம்பரத்துக்குத் தெரிந்தது எதிலும் இல்லை. படகில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். இனி படகேறக் கூடாது என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டு வாசலில் உட்கார்ந்தால் ஏரி தெரியும். தெரிவதுதான் கொடுமை.

ஆறு மாதம் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எங்கே எவ்வளவு ஆழம், வாடைக்காற்றில் தண்ணீர் எந்தப் பக்கம் ஏறும், முகத்துவாரத்து மணல்மேடு எப்போது நகரும். பிறகு பாடு. சுத்து வலை போடும் நல்ல இடங்களைப் பாடு என்பார்கள். அது முறை வைத்துக் குடும்பம் குடும்பமாகச் சுற்றி வரும். இன்று உங்கள் முறை என்றால் நாளை அடுத்தவர் முறை.

"மீனு போனா வரும் வாத்தியாரே. முறை போச்சுன்னா ஊரே ரெண்டாப் பூடும். அத எவனும் விக்க முடியாது, வாங்க முடியாது."

கம்பெனி கொடுத்த பணத்தை அவர் வாங்கவில்லை. "துட்டு வாணாம். ஒரு தபா முகத்துவாரத்துல நிக்கணும். கம்ப்யூட்டர்லயாவது நிக்க வைங்க." சரி என்றேன்.

விலைக் கூட்டம்

ஏரியை வாழையிலையில் வைத்துத் துண்டு போட்டோம். தண்ணீருக்கு ஒரு விலை. காற்றுக்குத் தனி விலை. வாங்காதவர்களுக்குப் படகின் பாய், கொடியில் காயப்போட்ட துணி மாதிரி தொங்கும். பூநாரை தனி. வாங்காதவர்கள் வானத்தில் சாம்பல் நிறப் பொட்டுகள் பறக்கும். ஏரிப் பக்கம் வலைகூட இல்லாதவர்கள் சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். அதற்கும் ஒரு ஆட்-ஆன் வைத்தோம். பெயர், 'கை'. எல்லாம் வாங்கினால் கேமின் விலையைப் போல ஏழு மடங்கு ஆகும்.

பாட்டின் முறையையும் கேமில் அப்படியே வைத்திருந்தோம். சோதித்துப் பார்த்தவர்களுக்கு அதில்தான் ஒரே குறை. நல்ல பாடு தினமும் கிடைக்கவில்லையாம். முறைக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

"முறையை எடுத்துடலாமா சார்?" என்றார் தினகரன்.

"எடுக்க வேண்டாம். அதைத் தாண்டிப் போக ஒரு பட்டன் வையுங்கள். பட்டனுக்கு விலை வையுங்கள்" என்றேன்.

இதைச் சொன்னது நான்தான். தினகரன் எழுந்து வந்து கை கொடுத்தார். அன்று முழுவதும் எனக்குப் பெருமையாக இருந்தது.

ஏகாம்பரம் வீட்டில்

எல்லா ஆட்-ஆனும் திறக்கும், ஊழியர்களுக்கான ரகசியக் குறியீடு என்னிடம் இருந்தது. பொன்னேரியில் வேலை பார்க்கும் அவர் மகள் செல்வியின் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன். ஏரி திறந்தது.

"தோ, மணல்மேடு! கரெக்டா கீதே! செல்வி, பாரேன்!" துடுப்புக் கம்பு இருக்கும் பக்கம் அவர் கை தானாகப் போனது. மூக்கைத் துடைத்துக்கொண்டார். முதல் நாள் முறையில் வலை போட்டார். கேமில் மறுநாள் விடிந்ததும் அறிவிப்பு வந்தது: இன்று உங்கள் முறை இல்லை. அதன் கீழே அந்தப் பட்டன்: காத்திருக்க வேண்டாம்.

"இத்த அமுக்குனா இன்னிக்கும் அங்கயே போலாம் நைனா" என்று செல்வி அமுக்கிவிட்டாள்.

அந்தப் பாடு இருக்கும் இடத்தில் வலையோடு நின்றிருந்த ஒரு படகு திரும்பிப் போனது. மற்ற படகுகளுக்கு ஏகாம்பரம் சொன்ன ஊர்க்காரர்களின் பெயர்களையே வைத்திருந்தோம். திரும்பிய படகில் 'கன்னியப்பன்' என்று எழுதியிருந்தது. ஏகாம்பரத்தின் பங்காளி.

"கன்னியப்பன் இன்னாத்துக்குத் திரும்பிப் போறான்?"

"அவரு முறைய நீ எடுத்துக்கினல்ல?" என்றாள் செல்வி.

"நானா?" என்னைப் பார்த்தார். "இந்த பட்டன யாரு வெக்கச் சொன்னது?"

"நான்தான்."

அதுவரை 'நீங்க' என்றவர். "வாத்தியாரே, நான் இடுப்பு ஒடிஞ்சவன். திருடன் இல்ல. ஆறு மாசம் சொன்னேனே, நீ கேட்டுக்கினது இதானா?"

"அமுக்காமல் ஆடலாமே" என்றேன். அதைவிடக் கேவலமாக நான் எதுவும் சொன்னதில்லை.

"நான் அமுக்கமாட்டேன். துட்டு குடுத்தவன் அமுக்குவான். அவன் ஏரில எனுக்கு இன்னா வேல?" லேப்டாப்பை அவரே மூடினார்.

பிறகு

அந்தப் பட்டனை எடுக்கச் சொல்லித் தினகரனிடம் கெஞ்சினேன். "சார், ஏரியவிட அதான் நல்லா போவுது. வேணும்னா பொங்கலுக்குத் தள்ளுபடி போடறேன்" என்றார். வேலையை விட்டேன். கேமிலிருந்து என் பெயரையாவது எடுக்கச் சொன்னேன். அடுத்த அப்டேட் வரை காத்திருக்க வேண்டுமாம்.

போன மாதம் ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன். உள்ளே விட்டார். லேப்டாப் திறந்திருந்தது. கேமோடு சும்மா வரும் ஏதோ ஒரு குளிர்தேசத்துக் கடல், பனி கொட்டிக்கொண்டிருந்தது. லுங்கியோடு உட்கார்ந்து, பெயர் தெரியாத மீனைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"குளிரு ஜாஸ்தி" என்றார், திரும்பாமல். "ஆனா இங்க எவன் முறையும் நான் எடுக்கல."

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஓர் ஊரிடமிருந்து எதையாவது எடுத்து விற்கப் போனால், அந்த ஊர் எதை விற்கவே கூடாது என்று வைத்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். நான் கண்டுபிடித்தேன். பிறகு அதற்குத்தான் விலை போட்டேன்.