பூட்டிய வீட்டில் ஒரு கிறீம் சோடா

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்தபடி நிற்கும் அடுக்குமாடிகளில் பல வீடுகள் பூட்டித்தான் கிடக்கின்றன. வாங்கியவர்கள் லண்டனிலோ ரொறன்ரோவிலோ மெல்பேணிலோ இருக்கிறார்கள். வருடத்தில் ஒரு மாதம் வருவார்கள். சில வருடங்களில் அதுவும் இல்லை. அப்படிப் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் சாவிகளை வைத்திருப்பதுதான் சுபோதினியின் தொழில். வாரம் ஒரு தடவை போய் ஜன்னல்களைத் திறந்து வைப்பாள். குழாய்களைத் திறந்து துருத் தண்ணீரை ஓட விடுவாள். கடலுப்பு அரித்த கம்பிகளைத் துடைப்பாள். பிறகு எல்லாவற்றையும் மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாள்.

அவள் கொழும்புக்கு வந்தது இந்த வேலைக்கு அல்ல. அண்ணன் சயந்தன் பிரான்சுக்குப் போன கையோடு, அம்மாவையும் அவளையும் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான். அதற்காகத்தான் இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு லொட்ஜில் அறை எடுத்தார்கள். விசா வரவில்லை. அம்மா அந்த லொட்ஜ் அறையிலேயே போய்ச் சேர்ந்தா. அண்ணனின் தொலைபேசி அழைப்புகள் மெல்ல மெல்லக் குறைந்து, தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்றாகி, அதுவும் நின்றது. சுபோதினி பாமன்கடையில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, போக வந்தவள் போகாமலே தங்கிவிட்டாள். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அவளைத் தேடி அந்த அறைக்கு எவரும் வந்ததில்லை.

அவளிடம் இருந்த சாவிகளில் ஒன்று, மெல்பேணில் இருக்கும் உமாசுதன், மிதுனா தம்பதியின் வீட்டுச் சாவி. ஐந்தாம் மாடி, குசினி ஜன்னலைத் திறந்தால் கீழே றெயில் பாதையும் கடலும். உமாசுதனின் தாய் பத்மாவதி முன்பு அந்த வீட்டில்தான் இருந்தாவாம். மகன் அவவை மெல்பேணுக்குக் கூட்டிக்கொண்டு போன பிறகுதான் சாவி சுபோதினியின் கைக்கு வந்தது. ஆகவே அவள் அந்த அம்மாவைக் கண்டதே இல்லை.

சித்திரை விடுமுறைக்கு எல்லோரும் வருவதாக இருந்தது. மிதுனா முதலே சொல்லி, குளிர்சாதனப் பெட்டியைப் போட வைத்தாள். பிள்ளைகளுக்குப் பழங்கள் போட்டு ஐஸ்கிறீம் சோடா செய்து கொடுக்க வேண்டும், அது மாமியின் கைப்பழக்கம், அந்த வீட்டில் அதைச் செய்யாமல் விடுமுறையே இல்லை என்றாள். சுபோதினி கிறீம் சோடாவும் வனிலா ஐஸ்கிறீமும் வாங்கினாள். அன்னாசி, பப்பாசி, கறுத்தக்கொழும்பான் மாம்பழம், பேஷன் புருட் எல்லாம் பார்த்துப் பார்த்துத் தெரிந்து வாங்கி அடுக்கினாள். புறப்படுகிற அன்று பத்மாவதி அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பயணம் நின்றது. ஒரு கிழமையில் அவவை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே முதியோர் இல்லத்தில் விட வேண்டியதாயிற்று. சாமான்கள் பழுதாகாமல் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கோ அக்கா என்று மிதுனா சொல்லிவிட்டாள்.

சுபோதினியின் அறையில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. அந்த வெயிலில் ஐஸ்கிறீமைப் பாமன்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பால்தான் மிஞ்சும். பிறர் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிப்பதில்லை என்பது அவள் தனக்குப் போட்ட சட்டம். அன்று பின்னேரம் அந்தச் சட்டத்தை மீறினாள். அலுமாரியிலிருந்து உயரமான கண்ணாடிக் கிளாஸ் ஒன்றை எடுத்துக் கழுவிக் குளிர வைத்தாள். பழங்களைத் துண்டு போட்டு, ஒரு சொட்டுத் தேசிக்காய்ப் புளி விட்டு, கரண்டியால் மெதுவாக நசித்துக் கிளாஸின் அடியில் போட்டாள். பேஷன் புருட்டின் சாற்றை விதையோடு வழித்து ஊற்றினாள். பிறகு ஐஸ்கட்டி. கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, கிறீம் சோடாவை ஓரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுக விட்டாள். அவசரப்பட்டால் நுரை வழிந்து மேசையெல்லாம் பிசுபிசுக்கும். கடைசியில் ஐஸ்கிறீமை ஒரு கரண்டி அள்ளி மேலே மிதக்க விட்டபோது, சோடா சீறிக்கொண்டு வெள்ளை நுரையாகப் பொங்கி விளிம்பில் வந்து நின்றது.

அவள் கரண்டியை எடுத்தாள். அப்போது உள்ளறைப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"எனக்கும் ஒண்டு போடு பிள்ளை."

வயதான பெண்ணின் குரல். உரத்தும் இல்லை, இரகசியமாகவும் இல்லை. கட்டிலில் சாய்ந்திருக்கும் ஒருவர் குசினியில் நிற்பவளுக்குச் சொல்லும் சாதாரணக் குரல்.

பிறர் சொல்வதைச் செய்தே பழகிய உடம்பு. பயம் வருவதற்கு முதல் கை இரண்டாவது கிளாஸை எடுத்துவிட்டது. பழத்தைப் போட்டு, சோடாவை ஊற்றி, ஐஸ்கிறீமை வைத்து, மேசையில் கொண்டுபோய் வைத்த பிறகுதான் வீட்டில் தன்னைத் தவிர எவருமில்லை என்பது உறைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அறை அறையாகப் போய்ப் பார்த்தாள். கட்டில்களில் அவள் விரித்த பழைய சீலைகள் விரித்தபடியே கிடந்தன. வாசற்கதவு உட்பக்கம் தாழிட்டிருந்தது.

திரும்பி வந்தபோது இரண்டாவது கிளாஸ் நிறைந்தபடிதான் இருந்தது. ஆனால் நுரை இல்லை. ஒரு குமிழி கூட எழவில்லை. தொட்டுப் பார்த்தாள், கிளாஸ் வெதுவெதுப்பாக இருந்தது. கரண்டியால் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தாள். இனிப்பில்லை, புளிப்பில்லை, வாசனையில்லை. அன்னாசித் துண்டொன்றைக் கடித்தாள். நனைந்த கடதாசியைக் கடித்தது போலிருந்தது. பக்கத்தில் அவளுடைய கிளாஸ் இன்னும் சீறிக்கொண்டிருந்தது.

இரண்டையும் தொட்டிக்குள் ஊற்றிவிட்டு, செருப்பைக் கூடச் சரியாகப் போடாமல் இறங்கி ஓடினாள்.

இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளுமில்லை. மறுநாள் மிதுனா வீடியோ அழைப்பில் எடுத்தாள். முதியோர் இல்லத்தில் மாமியோடு இருப்பதாகச் சொன்னாள். மாமி விழுந்ததிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, ஆட்களையும் அடையாளம் மட்டுக்கட்டுவதில்லை, எந்த நேரமும் வெள்ளவத்தைக்குப் போகவேணும் என்ற கதைதான் என்று சொல்லி வருத்தப்பட்டாள். பிறகு ஒரு சின்னச் சிரிப்போடு, நேற்று மட்டும் நல்ல சந்தோசமாக இருந்தா, வெள்ளவத்தை வீட்டில் கிறீம் சோடா குடித்ததாகச் சொன்னா, ஆனால் போட்டுத் தந்த பிள்ளை அன்னாசியைப் பெரிது பெரிதாக வெட்டிப் போட்டுவிட்டாள் என்று ஒரே குறை என்றாள்.

மிதுனா தொலைபேசியை மாமியின் பக்கம் திருப்பினாள். வெள்ளைத் தலையணையில் ஒரு சின்ன முகம். கண்கள் சுபோதினியின் மேல் வந்து நின்றன.

"இவள்தான்," என்றா பத்மாவதி அம்மா. "சின்னனா வெட்டு பிள்ளை. எனக்குப் பல்லில்லையெல்லே."

அதே குரல்.

மிதுனா மன்னிப்புக் கேட்பது போல ஏதோ சொல்லி அழைப்பை முடித்துக்கொண்டாள். சுபோதினி அந்த வாரம் ஐந்தாம் மாடிக்குப் போகவில்லை. கட்டிடத்தின் வாசல் வரை போய்விட்டுத் திரும்பினாள். ஆனால் இருந்தால் எழும்பினால் அந்த முகம்தான். எங்கோ ஒரு குளிர் நாட்டில், பெயர் தெரியாத ஆட்களுக்கு நடுவில், ஒரு மனிசி இவளை எதிர்பார்த்துக்கொண்டு கிடக்கிறா. தன்னை ஒருவர் எதிர்பார்ப்பது எப்படி இருக்கும் என்பதைச் சுபோதினி மறந்தே போயிருந்தாள். அடுத்த கிழமை அன்னாசி வாங்கிக்கொண்டு போனாள். விரல் நகத்தளவுக்குச் சின்னதாக வெட்டினாள்.

அதன்பின் அது வழக்கமாகிவிட்டது. பயம் விட்டுப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. மேசையருகே பிரம்புக் கதிரை தானாக ஒருமுறை நெரிபடும். தைல வாசம் ஒன்று வந்து நிற்கும். அவளுடைய கழுத்து மயிர் குத்திடும். கதை அதிகமில்லை. றெயில் போயிட்டுதோ என்று குரல் கேட்கும். போயிட்டுது அம்மா என்பாள். கடல் இண்டைக்கு இரையுது என்று சொல்லும். ஓம் என்பாள். கிளாஸில் நுரை அடங்கி, குளிர் போய், சப்பென்றானதும் வந்தவ போய்விட்டா என்று தெரியும். மெல்பேணில் மாமி சாப்பிடத் தொடங்கிவிட்டா, முகம் தெளிந்திருக்கிறது என்று மிதுனா சொன்னாள். தாதிமாருக்கே ஆச்சரியமாம்.

ஆனிமாதம் உமாசுதன் வீட்டை விற்றுவிட்டான். இனி யார் அங்கே வந்து இருக்கப் போகிறார்கள் என்று கேட்டானாம். தளபாடங்கள் வீட்டோடு போயின. பாத்திரம் பண்டங்களை அக்காவே எடுத்துக்கொள்ளட்டும் என்றாள் மிதுனா. விற்றால் அம்மா எங்கே வருவா என்று கேட்கச் சுபோதினிக்கு வாய் வரை வந்தது. எப்படிக் கேட்பது? உயரமான கிளாஸ்களைப் பழைய பேப்பரில் சுற்றிப் பாமன்கடைக்குக் கொண்டுபோனாள். மருதானையில் இருந்து வந்த ஷிஹான், பர்ஹா என்ற இளம் தம்பதியிடம் சாவியைக் கொடுத்தாள்.

ஒரு மாதம் கூட ஆகவில்லை. மிதுனா அழைப்பு எடுத்தாள். மாமி மறுபடி சாப்பாட்டை நிறுத்திவிட்டா, பின்னேரம் முழுக்க அழுகை, வீட்டில் யாரோ தெரியாத ஆட்கள் இருக்கிறார்கள், கிளாஸ்களை ஒளித்துவிட்டார்கள் என்று ஒரே புலம்பல் என்றாள். அந்த அழைப்பு முடிந்து சுபோதினி இன்னும் கட்டிலை விட்டு எழும்பவில்லை, பர்ஹா எடுத்தாள். வீட்டைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும், ஷிஹான் வேலையால் வருவதற்கு முதல் வந்தால் நல்லது என்றாள்.

பர்ஹா தலையை மூடிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். உதடுகள் எதையோ ஓதிக்கொண்டிருந்தன. ஷிஹான் எலி என்கிறாராம். எலி அலுமாரியைத் திறந்து மூடுமா என்று கேட்டாள்.

"பின்னேரத்துல குசினில யாரோ லாச்சி தொறக்குற சத்தம் கேக்குது அக்கா. ஒண்டொண்டா தொறந்து பாக்குது. எங்களுக்கு ஒண்டும் செய்யல. ஆனா அது என்னமோ தேடுது. கேக்க நெஞ்சு பதறுது."

சுபோதினி குசினிக்குள் போனாள். புதுப் பாத்திரங்கள், புது வாசம். ஆனால் ஜன்னலோரம் அந்தத் தைல வாசமும் நின்றது. அலுமாரியின் இழுப்பு லாச்சி ஒன்று கையளவு திறந்தபடி இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது.

அவள் லாச்சியைப் பார்த்துச் சொன்னாள். "கிளாஸ் என்னட்ட இருக்கு அம்மா. இது இப்ப வேற ஆக்களின்ர வீடு. வாங்கோ, என்ர வீட்ட போவம்."

லாச்சி அசையாமல் நின்றது. கீழே ஒரு றெயில் போய்க் கடல் சத்தம் திரும்பி வரும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு வலது கையைச் சற்று நீட்டியபடி மெதுவாக வெளியே நடந்தாள். கையில் எதுவும் படவில்லை. முழங்கையின் உட்பக்கம் மட்டும் குளிர்ந்தது. பர்ஹா வாசலில் ஒதுங்கி நின்று ஒருவர் போன பிறகும் இன்னொருவர் போகுமட்டும் வழி விட்டாள்.

லிப்டில் இறங்கி, காலி வீதிப் பக்கம் வந்து, ஒரு முச்சக்கர வண்டியை மறித்தாள். ஏறி உட்கார்ந்து, போகலாம் என்றாள். சாரதி எடுக்கவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தபடி இருந்தான். போகலாம் என்று மறுபடி சொன்னாள். அவன் சிங்களத்தில், பொறுங்கோ அக்கா, அந்த அம்மா ஏறட்டும், அவசரமில்லை என்றான். சுபோதினி ஓரத்துக்கு நகர்ந்து இடம் விட்டாள். கொஞ்ச நேரம் சென்று அவன் வண்டியை எடுத்தான். பள்ளங்களில் விழாமல் பார்த்துப் பார்த்து ஓட்டினான்.

பாமன்கடையில் வீட்டுக்காரி றோஸியிடம் ஐஸ்கட்டி கடன் வாங்கினாள். சந்திக் கடையில் கப் ஐஸ்கிறீமும் சோடாவும் பழமும் வாங்கினாள். சின்ன மேசையில் கட்டிலோரமாக இருந்துகொண்டு அன்னாசியைப் பொடிப்பொடியாக வெட்டினாள். இரண்டு கிளாஸ். நுரை பொங்கி அடங்கியது. இரண்டாவது கிளாஸ் வெதுவெதுப்பாகும் வரை பார்த்திருந்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தன்னுடைய கிளாஸைத் தானும் குடித்து முடித்தாள்.

மறுநாள் மிதுனா சொன்னாள், மெல்பேணில் கடுங்குளிர், இருந்தும் மாமி ஒரு கோப்பைக் கஞ்சி முழுதும் குடித்துவிட்டு நித்திரை, வீடு மாறிவிட்டேன், சின்ன வீடு, ஆனால் நல்ல பிள்ளை என்கிறா. என்ன கதை இது அக்கா என்று சிரித்தாள். சுபோதினியும் சிரித்து வைத்தாள். அம்மா எப்போது கேட்டாலும் போனைக் கொடுங்கோ என்று மட்டும் சொன்னாள்.

மிச்ச வீடுகளின் சாவிகள் இன்னும் அவளிடம்தான் இருக்கின்றன. ஜன்னல் திறக்கிறாள், குழாய் திறக்கிறாள். ஆனால் பின்னேரம் ஆனால் எந்த வீட்டிலும் நிற்பதில்லை. பழக்கடையில் நின்றுவிட்டு நேரே அறைக்குப் போகிறாள். படிக்கட்டில் ஏறும்போதே செருப்பை இழுத்து இழுத்துச் சத்தம் போட்டு ஏறுகிறாள், வந்துவிட்டேன் என்று உள்ளே தெரியட்டும் என்று.

ஆவணி வெயில் கொளுத்திய ஒரு நாள், றோஸி கீழே வாசலில் மறித்தாள்.

"சுபோ, மேல யாரு வந்து நிக்கிறாங்க? ஜன்னல் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. கையக் காட்டினேன், அவங்களும் காட்டினாங்க."

ஊரில் இருந்து வந்த ஓர் அம்மா என்றாள் சுபோதினி.

"அது சரி. இந்த வெக்கையில எதுக்கு அவங்க கம்பளிச் சட்டையும் கால்ல மேசும் போட்டுக்கிட்டு இருக்காங்க?"

சுபோதினி படியேறி உள்ளே போய், சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினாள். பிறகு ஜன்னலில் ஒரு பக்கத்தைச் சாத்தினாள்.