அழகம்மை அக்காவின் துணிக்கூரை

அழகம்மை அக்கா இறந்த செய்தி புந்தோங் மளிகைக்கடைத் தொலைபேசி வழியாக எங்களுக்கு வந்தது. நான் மகளின் நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கணவர் வாசலிலேயே நின்று, "உங்க மருந்தக அக்கா போயிட்டாங்களாம். தூக்கத்துலயே" என்றார். கையெல்லாம் தைலம். கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை.

மருந்தகத்தில் நீங்கள் நடத்திய இரங்கல் கூட்டத்துக்கும் நான் வரவில்லை, பிள்ளைக்கு மூச்சிழுப்பு. அதனால்தான் இவ்வளவு தாமதமாக எழுதுகிறேன். அவருடைய வேலையைப் பற்றி நீங்கள் எல்லாரும் பேசியிருப்பீர்கள். தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனவள் என்பதால் எனக்குத் தெரிந்தது அவருடைய கார்.

தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை மருந்தகத்தில் அவர் எனக்கு மூத்தவர். செட்டிநாட்டுக் குடும்பம். முதல் நாள் மரியாதையாக ஆச்சி என்று அழைத்தேன். "ஆச்சின்னா பல்லெல்லாம் கொட்டிப்போன மாதிரி இருக்கு. அக்கான்னே சொல்லு" என்றார். துணிக்கூரையை மடித்துவிட்டு ஓட்டுகிற அந்தச் சிவப்பு நிற இரண்டு இருக்கைக் கார், ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் தோட்ட மேலாளரிடம் அவர் கணவர் ஆசையாக வாங்கியது. வாங்கிய கொஞ்ச நாளில் கணவர் போய்விட்டார். காரை விற்றுவிடுவார் என்று குடும்பம் நினைத்தது. அக்கா ஓட்டக் கற்றுக்கொண்டார். காலையில் புந்தோங்கில் வந்து நிற்பார். மகளை மடியில் வைத்துக்கொண்டு ஏறுவேன். வழியில் தோட்டத்தில் இருக்கும் என் அம்மாவிடம் அவளை விட்டுவிட்டு வேலைக்குப் போவோம்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்து, "மேல்மூடி இல்லாத காடியில தஞ்சோங் ரம்புத்தான் போறீங்க. உங்கள நேரா உள்ளயே சேர்த்துக்குவாங்க லா" என்பார். அக்காவிடம் சொன்னேன். "சாவி நம்மகிட்டதானே இருக்கு, வெளிய வந்துரலாம்னு சொல்லு" என்றார்.

அந்தக் காரின் பழைய துணிக்கூரை இற்றுப்போனது. மழை பெய்தால் இடப்பக்கம் ஒழுகும். அது என் இருக்கை. புதுக்கூரை போட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தபோது, அக்காவின் கொழுந்தனார், ஈப்போவில் கடை வைத்திருப்பவர், பினாங்கில் அதே காருக்கு ஃபைபரில் செய்த கெட்டிக்கூரை ஒன்று விற்பனைக்கு இருப்பதாகச் செய்தி கொண்டுவந்தார். அண்ணன் மனைவியை அவர்கள் அண்ணமிண்டி என்பார்கள். "அண்ணமிண்டி, இதப் போட்டா ஒரு சொட்டுத் தண்ணி இறங்காது. யார் ஓட்டுறான்னு வெளியவும் தெரியாது" என்றார். இரண்டாவது சொன்னதற்காகத்தான் அவர் வந்திருந்தார். கணவனை இழந்தவள் தலைமுடி பறக்க ஊருக்குள் கார் ஓட்டுவது கோயில் வாசலில் பேச்சாகியிருந்தது.

நானும் கெட்டிக்கூரை பக்கம்தான் நின்றேன். என் கவலை வேறு. துணி ஒழுகும், பூஞ்சணம் பிடிக்கும், பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் கண்ணாடி மஞ்சளாகிவிடும், கத்தி வைத்திருக்கிற திருடனுக்கு அது ஒரு தடையே இல்லை என்றெல்லாம் சொன்னேன். மகளின் மூச்சிழுப்பையும் சொன்னேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அதை எப்படிக் கழற்றுவது என்று மட்டும் கொழுந்தனாரிடம் விசாரித்தார். இரண்டு பேர் தூக்க வேண்டும். கழற்றினால் வீட்டில்தான் வைக்க முடியும், காரில் மடித்துக்கொண்டு போக முடியாது. ஈப்போவில் மாலை மழையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, ஒருமுறை போட்டால் போட்டதுதான்.

"எதுக்குக் கழட்டணும்? வேணும்னா சொல்லுங்க, ஆள் அனுப்புறேன்" என்றார் கொழுந்தனார்.

அக்கா சொன்னார்: "மூடணும்னா நானே மூடிக்கிறேன் தம்பி. வானத்தப் பார்க்க ஆள் கூப்பிட முடியாது."

புந்தோங்கில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் கடையில் வேலையைக் கொடுத்தார். தைத்தவர் லாரிக்குத் தைக்கிற பழக்கத்தில் காற்றில் ஆடக் கூடாதென்று இறுக்கமாகத் தைத்துவிட்டார். கூரை முன்கண்ணாடிக் கொக்கி வரை எட்டவே இல்லை. தைத்தவர், அக்கா, நான் மூவரும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது கொழுந்தனார் அந்த வழியாக வந்தார். "ஃபைபருக்கு ரெண்டு பேர் போதும் அண்ணமிண்டி" என்றார். முதலில் சிரித்தது அக்காதான். கூரையைப் பிரித்துத் தளர்த்தித் தைத்தார்கள். அக்கா எங்களைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, தான் மட்டும் உட்கார்ந்து, கையைப் பின்னால் நீட்டிக் கூரையை இழுத்துக் கொக்கி மாட்டினார். அதன் பிறகுதான் காரை எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் மாலை, மகளை அழைத்துக்கொண்டு அம்மா வீட்டிலிருந்து திரும்பும்போது, திறந்த காரில் மழை பிடித்துக்கொண்டது. அக்கா ஓரமாக நிறுத்தி மூடினார். வேகமாகத்தான் மூடினார். அதற்குள் பிள்ளை நனைந்துவிட்டாள். கோபத்தில், கெட்டிக்கூரை போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று கேட்டுவிட்டேன்.

"நனைஞ்சிருக்க மாட்டா. நீ சொல்றது சரிதான்" என்றார்.

மறுநாள் அவளுக்கு இழுப்பு வந்தது. அந்த வாரம் முழுக்க நான் பேருந்தில் போனேன். அடுத்த வாரம் வழக்கமான நேரத்துக்கு அக்கா வந்து நின்றார். என் பக்கத்து ஓரம் முழுக்கப் புதிதாக ரப்பர் பட்டை வைத்துத் தைத்திருந்தது. ஒரு துண்டும் குழந்தைக்கு மழைச்சட்டையும் இருக்கையில் கிடந்தன. கூரையை மாற்றவில்லை. "வானம் கறுத்தா முன்கூட்டியே மூடிருவேன். ஏறு" என்றார். ஏறினேன்.

மகளுக்குக் கொஞ்சம் தேறியதும் துக்கம் கேட்கப் போனேன். கொழுந்தனார்தான் வாசலில் இருந்தார். கார் தாழ்வாரத்தில் நின்றது, கூரை மூடியிருந்தது. இறப்பதற்கு முந்தின நாள் மாலை அக்காவே மூடியதாம். "எத்தனையோ தடவ சொன்னேன்மா, கூப்பிடுங்கன்னு. ஒருநாள்கூடக் கூப்பிடல" என்றார். அவர் அழுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இன்று என்னைக் கேட்டாலும் நான் கெட்டிக்கூரைதான் கேட்பேன். அக்காவின் துணிச்சல் எனக்கு ஒட்டவில்லை. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கிறது, உடம்பு எப்போதும் அசதியாகவே இருக்கிறது. நான் கார் ஓட்டப் படிக்கட்டுமா என்று போன மாதம் கணவரிடம் கேட்டேன். "இந்த நிலைமையில எதுக்கு? எங்க போகணும்னாலும் சொல்லு, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அன்போடுதான் சொன்னார். அக்காவின் கொழுந்தனாரும் அன்போடுதான் சொன்னார் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. மறுநாள் ஓட்டுநர் பள்ளிக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். வியாழக்கிழமை கார் ஓட்டும் சோதனை. மழை வரக் கூடாதே என்று இருக்கிறது.