ரூபன் போர்த்த வேண்டிய சால்வை

என் மகன் ரூபன் போன மாரியில் கர்த்தரிடம் போனான். புற்றுநோய். அவனுக்காக நான் உபவாசம் இருந்தேன், நீங்களும் இருந்தீர்கள். கேட்டது கிடைக்கவில்லை. இதை மறைத்துச் சாட்சி சொன்னால் அது பொய்ச்சாட்சி.

அடக்கத்துக்குப் பிறகு அவனுடைய ஒரே மகள் ஹன்னா வாயை மூடிக்கொண்டாள். பன்னிரண்டு வயது. முன்பெல்லாம் நான் பேசுகிற டெனிஷ் மொழியைத் திருத்தியே களைத்துப் போகிற பிள்ளை. இப்போது பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் தலையாட்டல் மட்டும்தான்.

மருமகள் ரகேல் யூதப்பெண். அவர்களிடம் பிள்ளைக்கு இந்த வயது வந்தால் ஜெப ஆலயத்தில் சபைக்கு முன்னால் நின்று வேதச்சுருளை வாசிக்க வேண்டும். அன்றிலிருந்து அவள் பெரிய ஆள். ரூபன் இருக்கும்போதே நாள் குறித்தாயிற்று. தள்ளி வைப்போமா என்று ரகேல் கேட்டாள். ஹன்னா வேண்டாம் என்று தலையாட்டினாள். சொல்லே இல்லாத பிள்ளை எதை வாசிப்பாள்?

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவள். பெரிய ஜெபம் தெரியாது. முழங்காலில் நின்றால் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும். அதனால் குசினிக் கதிரையில் இருந்தபடியே கேட்டேன். முதலில், பிள்ளை எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்றுதான் கேட்டேன். பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. ஆண்டவரே, அதை விடும், ஒரு சொல் போதும் என்றேன்.

எங்கள் சபை எஸ்தர் அக்காவுக்கு நான் ஜெப ஆலயத்துக்குப் போவது பிடிக்கவில்லை.

"நீர் அங்கை போய் என்ன செய்யப் போறீர்?"

"இயேசப்பாவும் பன்னிரண்டு வயசிலை ஆலயத்திலைதானே இருந்தவர், அக்கா. தேடி அலைஞ்சது தாய்தானே."

"கதைக்கு மட்டும் உம்மட்டைக் குறைச்சல் இல்லை."

அங்கே வாசிக்கும் முன் பிள்ளைக்கு ஜெபச் சால்வை போர்த்துவார்கள். தகப்பன் செய்ய வேண்டியது. ரூபன் கலியாணத்துக்குப் போட்ட சால்வையின் நான்கு மூலையிலும் ரகேல் அவர்கள் முறைப்படி நூல் முடிந்து, என் கையில் தந்தாள். போர்த்தினேன்.

எங்கள் விழாக்களில் சால்வை போர்த்தினால் கைதட்டுவோம். பழக்கதோஷம், நானும் தட்டினேன். பலமாகவே தட்டினேன். மண்டபமே அமைதி. என் இரண்டு கை மட்டும்தான்.

ஹன்னாவின் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"ஃபார்மோர்," என்றாள். பிறகு, இங்கே கைதட்டுவதில்லை என்று டெனிஷில் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கென்னடி தெரியும், குஞ்சு. நீ வாசி."

ஃபார்மோர் என்றால் தகப்பனின் தாய். தகப்பன் இல்லை. தாய் நிற்கிறேன். அவள் வாசித்து முடியும்வரை நான் அழுதேன். ரகேல் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பாசம் பாதி, திரும்பவும் தட்டிவிடுவேனோ என்ற பயம் பாதி.

ஹன்னா இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்கிறாள். சில நாட்களில் ஒன்றுமில்லை. அந்த நாட்களில் நானும் பேசாமல் பக்கத்தில் இருக்கிறேன். பிள்ளை எந்த வாசலால் வரவேண்டும் என்று கர்த்தருக்கு இனி நான் சொல்லிக்கொடுப்பதில்லை. மகனைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அதை மேலே போய் நேரிலே கேட்பேன்.

பிள்ளைகளே, ஒரு ஜெபம் கிடைக்காமல் போன வீட்டில் இருந்துதான் சொல்கிறேன். அடுத்ததைக் கேட்காமல் விடாதீர்கள். பதிலுக்கு அவர், அன்று என்னிடம் கேட்டதுபோல, உங்கள் மானத்தைக் கேட்டாலும், கொடுத்துவிடுங்கள்.