எண்ணூறுக்கு இறங்காத மகராசன்கள்

புரொஜக்டரை வாடகைக்குக் கொண்டுபோய் ஓட்டுகிற தொழிலில், சுவரில் படம் நல்லா விழுந்தால் பேர் லேப்டாப்காரருக்கு. விழாவிட்டால் ஏச்சு முழுக்க நமக்கு. அடிபட்ட சகபாவிகள் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் வண்ணார்பேட்டையில் ஒரு வீடியோக் கடையில் இருந்தேன். கல்யாண வீடுகளில் கேமராக்காரருக்குப் பின்னால் லைட் பிடிக்கிற வேலை. மாப்பிள்ளையின் சித்தப்பா முதல் பந்தி பரிமாறுகிறவர் வரை, "ஏலே, கண்ணு கூசுது, அங்கன தள்ளிப் பிடி" என்று விரட்டுவார்கள். கடை முதலாளி அண்ணாச்சி ஒரு டிஜிட்டல் புரொஜக்டர் வாங்கிப்போட்டு என்னிடம் ஒப்படைத்தபோது, விட்டது சனி என்று நினைத்தேன். அண்ணாச்சி ஒன்றே ஒன்று சொன்னார்: "பார்ட்டி எவனாவது குறைன்னு வந்தாம்னா, மறு முகூர்த்தத்துக்கே லைட்டு பிடிக்கப் போயிருவலே."

விஷயம் இதுதான். எங்கள் புரொஜக்டர் குறுக்குவாக்கில் எண்ணூறு புள்ளிதான் காட்டும். வருகிற லேப்டாப்பெல்லாம் ஆயிரத்து இருபத்துநாலு. லேப்டாப்பை எண்ணூறுக்கு இறக்கினால் படம் கச்சிதமாக உட்காரும். இறக்காவிட்டால் வலது ஓரமும் அடிப்பக்கமும் சுவருக்கு வராது. அவசரத்துக்குப் புரொஜக்டரில் ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் எல்லாவற்றையும் நசுக்கி உள்ளே திணிக்கும், ஆனால் எழுத்துக்குக் கை இருந்தால் கால் இருக்காது. ஆக, இறக்குவதுதான் முறை. ஆனால் 'இறக்கணும்' என்று சொல்லிப் பாருங்கள், மகராசன்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும்.

விழுங்கிய புள்ளி

ஒரு ஓட்டல் ஹாலில் டாக்டர்கள் கூட்டம். பேச வந்த டாக்டரிடம், "சார், எண்ணூறுக்கு இறக்கிக்கிடலாமா?" என்று பணிவாகத்தான் கேட்டேன். ஏதோ அவர் வேட்டியை அவிழ்க்கச் சொன்ன மாதிரி பார்த்தார். "இது என்ன விலைன்னு தெரியுமாவே உமக்கு? உம்ம டப்பாவுக்காக நான் எதுக்கு இறங்கணும்?" என்றார். வேறு வழி? நசுக்குகிற பட்டனை அமுக்கினேன்.

மருந்து அளவுப் பட்டியல் வந்தது. 2.5 மில்லிகிராம் என்று இருந்த இடத்தில் நடுப்புள்ளியைப் புரொஜக்டர் விழுங்கிவிட்டு 25 என்று காட்டியது. டாக்டரோ சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முழங்குகிறார். முன்வரிசையில் இருந்த வயசாளி டாக்டர் ஒருவர் பைய எழுந்தார்.

"தம்பி, இருபத்தஞ்சு கொடுத்த பொறவு ஆளை ஆஸ்பத்திரியிலயே வச்சிருக்கணுமா, நேரா ஆத்தங்கரைக்குக் கொண்டு போயிரலாமா?"

துபாய் லேப்டாப்

'மெஷின் சரியில்லை' என்று பேச வந்த டாக்டர் எங்கள் கடைக்குப் போன் போட்டுவிட்டார். அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. கல்யாண லைட்டைத் துடைத்து வைக்கச் சொன்னார்.

அடுத்தது மேலப்பாளையத்தில் ஒரு பாய். துபாயிலிருந்து வந்தவர், வீடு கட்டி விற்கப்போகிறார், சொந்தபந்தங்களுக்குப் பிளானைக் காட்டவேண்டும். இந்தத் தடவை நான் கேட்கவே இல்லை. அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து இறக்கிவிட்டேன். சுவரில் படம் அப்படி ஒரு அழகு! ஆனால் அந்தக் காலத்து லேப்டாப்பை இறக்கினால், அதன் சொந்தத் திரையில் படம் சுருங்கி நடுவில் நிற்கும், சுற்றிலும் கறுப்புக் கரை கட்டும். பாய் சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லேப்டாப்பைப் பார்த்து வெளிறிப்போனார். பழையபடி ஏத்திருவேன் பாய் என்று நான் கதறியது யார் காதிலும் ஏறவில்லை. வந்தவர்களெல்லாம் வீட்டுப் பிளானை விட்டுவிட்டு லேப்டாப்பைச் சுற்றி நின்று துக்கம் விசாரித்தார்கள்.

"துபாயில இருந்து மடியில வச்சு முழுசா கொண்டாந்தேன் தம்பி, நீ தொட்டதும் முக்காவாசிதான் நிக்குது, மிச்சத்த எங்க வச்சிருக்க?"

டிசம்பரோடு நின்ற வருஷம்

"நாளைக்கு ஒரு கம்பெனி மீட்டிங். அதுலயும் குறை வந்துச்சுன்னா, ஞாயித்துக்கிழமை முகூர்த்தம் இருக்கு பாத்துக்கோ" என்றார் அண்ணாச்சி. சரி, செத்தோம் என்று போனேன்.

மோட்டார் பம்பு விற்கிற கம்பெனி. உள்ளூர் மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்வதற்குள், சென்னைப் பெரிய அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கிறார். இறக்க நேரமில்லை, மேனேஜர் லேப்டாப்பில் அப்படியே வயரை மாட்டினேன். சுவரில் விற்பனைக் கோடு ஏப்ரலில் தொடங்கி ஜம்மென்று ஏறி டிசம்பரோடு நின்றது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றும் வலது ஓரத்துக்கு வெளியே. போச்சு என் பிழைப்பு என்று நசுக்குகிற பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

மேனேஜர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். லேப்டாப் திரையைப் பார்த்தேன். டிசம்பருக்குப் பிறகு கோடு தலைகுப்புற விழுந்து கிடந்தது. "கையை எடும்வே, நான் ரெண்டு பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கேன்" என்றார் காதோரமாக. எடுத்துவிட்டேன். ஏறுகிற கோட்டைப் பார்த்து அதிகாரி மகிழ்ந்து, கைதட்டி, சாப்பிடப் போனார்.

சாயங்காலம் கடைக்குள் நுழைந்தால் அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்.

"இதுதாம்லே வேலை! இனி எல்லா மீட்டிங்குக்கும் நீதான் வரணுமாம், எதையும் சரி பண்ணாம அப்படியே காட்டணுமாம், மேனேஜரு சொல்லுதாரு!"

முழுசாகத் தெரிந்த படத்துக்கு ஏச்சும், கால்வாசி காணாமல்போன படத்துக்கு மெச்சலும் வாங்கித்தான் அய்யா, நான் இந்தத் தொழிலில் நிலைத்தேன்.