அரை நாள் நடவு

என் தாய்மாமன் மாரப்பனின் மனைவி காளியாத்தாள், மலைமேல் அரியூர் நாட்டில் பள்ளத்து நெல்வயலை நம்பி வாழ்பவர். அவருடைய சைனஸ் நோயைப் பற்றி உறவினர் பலரும் பலவிதமாகப் பேசுவதால், நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

அந்தப் பள்ளத்துக் குடும்பங்கள் நடவுக்குக் கூலியாள் வைப்பதில்லை. இன்று நான் உன் வயலில் குனிந்தால், நாளை நீ என் வயலில் குனிய வேண்டும். பகலுக்குப் பகல். அந்தப் பெண்களில் அத்தையின் கைதான் வேகமான கை.

மூக்கடைப்பு முதலில் பனிக்காலத்தோடு போய்விடும். பின்னர் ஆண்டு முழுவதும் தங்கிவிட்டது. வெயில் ஏற ஏற நெற்றியும் கண்களின் அடிப்பகுதியும் கனக்கும். குனிந்தால் முகமே கழன்று சேற்றில் விழுவதுபோல் இருக்கும் என்பார். உச்சிவேளைக்குள் வரப்பில் ஏறி உட்கார்ந்துவிடுவார். காய்ச்சலோ காயமோ இல்லாததால், பார்ப்பவருக்கு அது நோயாகத் தெரியவில்லை.

நாமக்கல் மருத்துவர் மாதந்தோறும் வரச் சொன்னார். மலையிறங்கித் திரும்பினால் ஒரு பகல் போய்விடும். அது வேறொருவர் வயலுக்குத் தர வேண்டிய பகல். சில முறை போனதோடு அத்தை நிறுத்திவிட்டார்.

"காளியாத்தா வரப்புக்குக் காவல் இருக்கறாளாக்கும்" என்பார் மாரப்பனின் அக்காளான என் பெரியம்மா பொன்னாயி.

"ஆமாங்க நங்கை, நீங்க நாத்தைத் தூக்கிட்டுப் போயிட்டா என்ன பண்றது?" என்று நாத்தனாரிடம் அத்தையும் சிரிப்பார்.

சென்ற ஆண்டு அத்தையின் வயலுக்கு முறை வந்தது. பெண்கள் விடியலிலேயே இறங்கி நட்டனர். உச்சிவேளையில் பொன்னாயி வாய்க்காலில் கைகழுவினார். மற்றவர்களும் கரையேறினர்.

"ஏனுங்க நங்கை, பாதி வயல் கெடக்குதுங்களே?"

"நீ அரை நாள் வந்த. நாங்களும் அரை நாள் வந்துட்டம். கோவிச்சுக்காத கண்ணு, அவங்கவங்க ஊட்டு வயலும் காத்துக் கெடக்குது."

அதில் பகை இருந்ததாகச் சொல்ல முடியாது. மாரப்பன் மண்வெட்டியோடு மடை பார்க்கப் போனார். அத்தை மட்டும் மீண்டும் இறங்கிக் குனிந்தார்; வலி பொறுக்காமல் சேற்றிலேயே மண்டியிட்டுவிட்டார். நடாத நாற்று முற்றிப்போய் மாட்டுக்குத் தீவனமாயிற்று. தை மாதம் அறுத்த நெல் சித்திரையிலேயே தீர்ந்தது.

இந்த ஆண்டு நடவு பேசக் கூடியபோது அத்தைதான் முதலில் பேசினார்.

"எனக்கு மத்தியானம் வரைக்குந்தானுங்க முடியும். நீங்களும் மத்தியானம் வரைக்கும் வந்தாப் போதும். மேல்பாதியில மரவள்ளி வெச்சுக்கறேன், அதுக்கு இத்தனை கை வேண்டாமுங்க."

"ஏஞ்சாமி, ஆஸ்பத்திரிக்குப் போயி ஒழுங்காப் பாத்துக்கறதுதானே?" என்றார் பொன்னாயி.

"போறேனுங்க. அந்தப் பகலை ஆரு குடுப்பாங்க?"

பொன்னாயி விரல்விட்டுப் பகல்களை எண்ணினார்.

"நீ எனக்குத் தரவேண்டிய பகல்ல ஒண்ணை உட்டுடறேன். போயிட்டு வா."

"மாசாமாசம் வரச் சொல்றாங்க நங்கை."

பொன்னாயி மற்றப் பெண்களைப் பார்த்தார். அவர்கள் வயலைப் பார்த்தனர்.

விட்டுக்கொடுத்த அந்த ஒரு பகலில் அத்தை மலையிறங்கிப் போய்வந்தார். வயலின் மேல்பாதியில் இப்போது மரவள்ளி நிற்கிறது.