என் ஷிப்ட், அவள் டூட்டி

கல்யாணமான முதல் வருஷம் என் மனைவியோடு பேசியதைவிட, அவள் மூடி வைத்துவிட்டுப் போன குழம்போடுதான் நான் அதிகம் குடித்தனம் நடத்தினேன். எண்ணூரில் ஓர் ஆலையின் கம்ப்யூட்டர் அறையில் எனக்கு மூன்று ஷிப்ட் வேலை. அவள் ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். அவளுக்கும் காலை, மாலை, இரவு என்று டூட்டி மாறிக்கொண்டே இருக்கும். ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் ஒற்றை அறை வீடு. சாவி கரண்ட் மீட்டர் பெட்டியின் மேல் இருக்கும். கதவைத் திறந்ததும் என் முதல் வேலை குழம்புச் சட்டியைத் தொட்டுப் பார்ப்பது. கை சுட்டால் இப்போதுதான் கிளம்பியிருக்கிறாள். வெதுவெதுப்பாக இருந்தால் வார்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள். ஆறிக் கிடந்தால் அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கும் யோகம் இல்லை, தட்டைப் போட்டுச் சாப்பிட வேண்டியதுதான்.

ஒரு நாள் நான் உள்ளே நுழைய, அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வர, வாசலில் வைத்தே சொன்னாள்.

"நான் வேலைய வுட்டுர்லாம்னு கீறேன்யா."

"இன்னாத்துக்குமே?"

"பின்ன? ஒரே வூட்ல ரெண்டு பேரு தனித்தனியா வாடகைக்குக் குடியிருக்குற மாதிரி கீது. உன்னாண்ட உக்காந்து ஒரு வாய் சோறு துன்னு எத்தினி நாளாச்சு? மாசம் முடிஞ்சதும் எழுதிக் குட்துட்றேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. படுத்த படுக்கையாகக் கிடந்த யாரோ ஒருவர் எழுந்து நடந்துவிட்டார் என்று சொல்லும்போது அவள் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேலையை விட்டுவிட்டால் அவளில் பாதி ஆள் போய்விடும். விடாவிட்டால் முழு ஆளும் எனக்குக் கிடைக்கமாட்டாள்.

"கொஞ்சம் பொறு, நான் ஒண்ணு பண்றேன்" என்றேன். என்ன பண்ணப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் ரயிலில் போகும்போது புத்தியில் தட்டியது. ரெண்டு கணக்கை ஒட்டுவதுதானே என் பிழைப்பே. மவுஸ் கிடையாது, கறுப்புத் திரை, பச்சை எழுத்து. ஆலையின் ஒரு பிரிவு அனுப்பும் தகவல் கோப்பு இன்னொரு பிரிவுக்கு ஒத்துவராது. ஒன்றில் தேதி முன்னால் இருக்கும், மற்றதில் பின்னால். ஒரே வரியில் கட்டளையைத் தட்டி அவற்றை ஒரு வழிக்குக் கொண்டுவர எனக்குச் சம்பளம். க்ரெப் என்ற கட்டளை வேண்டிய வரியை மட்டும் உருவிக் கொடுக்கும். ஆக் என்பது பத்திகளை இடம் மாற்றி அடுக்கும். ஜாயின் ரெண்டு கோப்பையும் தேதி பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். ஊரான் கணக்கையெல்லாம் ஒட்டுகிறவன் சொந்த வீட்டுக் கணக்கை ஒட்டினால் என்ன?

அவள் ஆஸ்பத்திரியின் டூட்டிப் பட்டியலை ஆபீசில் ஒரு பெண் கம்ப்யூட்டரில்தான் அடிப்பாள். என் மனைவி அவளிடம் கேட்டு அதை ஃப்ளாப்பியில் வாங்கி, கர்ச்சீப்பில் சுற்றிக் கொடுத்தாள்.

"இத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போற?"

"பாரேன்" என்றேன், பெரிய மந்திரவாதி மாதிரி.

ஆலையில் சாப்பாட்டு வேளையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். என் ஷிப்ட் கோப்பில் நாளுக்கு ஒரு வரி. ஆஸ்பத்திரிக் கோப்பில் நர்ஸுக்கு ஒரு வரி, நாட்கள் பக்கவாட்டில் ஓடும். அவள் வரியை மட்டும் உருவி, படுத்துக் கிடந்ததை நிமிர்த்தி நிற்க வைத்து, என்னுடையதோடு ஒட்டி, ரெண்டு பேருக்கும் ஆஃப் உள்ள நாளைக் கேட்டேன். கர்சர் அடுத்த வரிக்கு வந்து பேசாமல் நின்றது. ஒரு நாள்கூட இல்லை. கோப்பைத் திறந்து எழுத்தெழுத்தாகப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் பெண் ஆஃபுக்கு இங்கிலீஷ் 'ஓ' அடிக்காமல் பூஜ்யத்தை அடித்திருக்கிறாள். நம் கண்ணுக்கு ரெண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேறு ஜாதி. பூஜ்யத்தையெல்லாம் ஓவாக மாற்றி மறுபடி தட்டினேன். ஒரே ஒரு வரி வந்தது. ஒரு வியாழக்கிழமை.

ஒன்று போதும் எனக்கு. அவளிடம் "வேலைய வுடாத, கண்டுபுட்சிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். எந்த நாள் என்று சொன்னால் சுவாரசியம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். கத்திவாக்கம் போய், கழிமுகத்தில் பிடித்த எறாவை அங்கேயே வறுத்து வாங்கி, உட்கார்ந்து சாப்பிடுவது என்று திட்டம்.

புதன்கிழமை மாலை ஷிப்ட் முடித்து இரவு ஆசையாக வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. சாவி மீட்டர் பெட்டியின் மேல். குழம்பு ஆறிப் போயிருந்தது. யாருக்காவது உடம்பு சரியில்லை, இவளைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு படுத்தேன். காலையில் ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தபோது கண் சிவந்து வந்து நின்றாள்.

"இன்னாமே, உனக்கு இன்னிக்கு ஆஃப் தானே?"

"ஆமா, ஆஃப் தான். நைட்டு முட்ச்சிட்டு வந்த ஆஃப்."

"நைட்டு புதன்கிழமையோட முடிஞ்சிபோச்சேமே."

"புதன்கிழமை நைட்டுன்னா புதன்கிழமை ராத்திரி போய் இன்னிக்குக் காத்தால வர்றதுய்யா."

எங்கள் ஆலையில் நாளே இரவு ஷிப்டில்தான் பிறக்கும். எந்த நாள் விடிகிறதோ அந்த நாளின் கணக்கில் அந்த இரவு சேரும். ஆஸ்பத்திரியில் எந்த நாள் விளக்கு வைக்கிறார்களோ அந்த நாளின் கணக்கில். அவர்களுடைய புதன் இரவு எங்களுக்கு வியாழன் இரவு. பூஜ்யத்தைக் கண்டுபிடித்த கெட்டிக்காரனுக்கு இது தோன்றவில்லை.

என் சட்டையைப் பார்த்தே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "இரு, மூஞ்சி கழுவிகினு வரேன், போலாம்" என்றாள். கத்திவாக்கம் அப்புறம் போகலாம், தூங்கு என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. ரயிலில் கொருக்குப்பேட்டை தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். திருவொற்றியூர் போனது. கத்திவாக்கம் வந்தது, கதவோரம் நின்றவர்கள் இறங்கினார்கள். எனக்கு எழுப்ப மனசு வரவில்லை. அவள் தலையின் கனம் அவ்வளவு நேரம் என் தோளில் இருந்தது அதுதான் முதல் தடவை. எறா எங்கேயும் ஓடிப் போய்விடாது.

கடைசி ஸ்டேஷன் கும்மிடிப்பூண்டியில் ரயில் நின்ற பிறகுதான் கண் விழித்தாள்.

"கத்திவாக்கம் வந்துட்ச்சா?"

"வந்து, போயும் போய்ட்ச்சு."

சிரித்தாள். பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து வடையும் டீயும் சாப்பிட்டோம். ஃப்ளாப்பி, பூஜ்யம், ஓ எல்லாவற்றையும் சொன்னேன். கன்னத்தில் கை வைத்துக் கடைசி வரைக்கும் கேட்டாள்.

"நீ ஆஃபைத் தேடிகினு கீற" என்றாள். "ஆஃப்ல பாதி நாள் நான் தூங்கிகினுதான் இருப்பேன். அத்த தேடி இன்னா பண்ணுவ? என்னியத் தேடு."

அடுத்த நாள் வேலைக்குப் போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். ஆஃப் என்ற கேள்வியையே தூக்கிவிட்டேன். ஒவ்வொரு ஷிப்ட் எழுத்தும் இருந்த இடத்தில் தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் போட்டேன். ரயிலுக்கும் தூக்கத்துக்கும் ஆகும் நேரத்தைக் கழித்தேன். ஆஸ்பத்திரி இரவை ஆலைக் கணக்குக்கு மாற்றினேன். ரெண்டு பேரும் ஒரே வீட்டில் விழித்திருக்கும் நேரம் எது என்று மட்டும் கேட்டேன்.

திரை நிரம்பி மேலே ஓடியது. அரை மணி, முக்கால் மணி, ஒரு இடத்தில் ரெண்டு மணி. எனக்கு இரவு ஷிப்டும் அவளுக்குக் காலை டூட்டியும் வரும் வாரத்தில் தினமும் காலையில் அரை மணி நேரம். அந்த அரை மணியை நான் சர்ச் பக்கத்து டீக்கடையில் தோஸ்துகளோடு பேப்பர் படித்துத் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

பிரிண்ட் எடுத்து அவளிடம் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள்.

"இத்தினி நேரமா கீது நமக்கு?"

"கீது."

மாசம் முடிந்தது. அவள் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. அடுத்த மாதத்து ஃப்ளாப்பி, நான் கேட்காமலே, கர்ச்சீப்பில் சுற்றி என் சாப்பாட்டுப் பையில் இருந்தது.

அந்த வாரம் எனக்கு இரவு ஷிப்ட். காலையில் ரயிலை விட்டு இறங்கியதும் டீக்கடைப் பக்கம் திரும்பாமல் நேராக வீட்டுக்கு நடந்தேன். பழக்க தோஷத்தில் கை மீட்டர் பெட்டியின் மேல் போய்த் துழாவியது. சாவி இல்லை. கதவு திறந்திருந்தது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.