மாப்பிள்ளை வண்டி

கல்கத்தாவில் மின்சாரம் போனால் ஜனங்கள் முதலில் விசிறியைத் தேடுவார்கள், அடுத்து ஆளைத் தேடுவார்கள். ஆள் என்றால் எங்கள் ஆள். தொண்ணூறுகளில் நான் ஒரு மின் விநியோக அலுவலகத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன். எந்தப் பழுதுவண்டி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று சொல்வது என் வேலை. கோடையில் சாயங்காலப் புயல்காற்று ஒன்று வரும், அங்கே அதைக் கால்பைஷாகி என்பார்கள். அரை மணி நேரம் ஆடிவிட்டுப் போய்விடும். அது சாய்த்துவிட்டுப் போன மரங்களோடு நாங்கள் இரண்டு நாள் மாரடிப்போம்.

யாருக்கு முதலில் என்று வரிசை எழுதி வைத்திருந்தது. ஆஸ்பத்திரி, பிறகு தண்ணீர் ஏற்றும் நிலையம், பிறகு பெரிய இடங்கள், கடைசியில் மனிதர்கள். இந்தக் கடைசிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எங்கள் வண்டி எந்த வேலையாகப் போனாலும் சரி, தங்கள் பாடாவை, அதாவது தங்கள் தெருவட்டாரத்தை, தாண்டிப் போக விடமாட்டார்கள். குறுக்கே பெஞ்சைப் போட்டு கெரோ செய்வார்கள், அதாவது சூழ்ந்து நின்று நகரவிடாமல் பிடித்து வைப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று கெஞ்சினால், “எல்லாரும் அதைத்தான் சொல்றீங்க” என்பார்கள். அந்தக் கூட்டத்தின் மேல் எனக்கு இருந்த வெறுப்பை இன்றைக்கும் மறைக்க முடியாது.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவன் நான்தான். கூட்டத்துக்குக் கையில் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு வண்டி வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டால் மற்றவை பக்கத்து ரோட்டில் தப்பிப் போய்விடும். ஆகவே இருப்பதிலேயே ஓட்டை வண்டியை, கம்பம் ஏற ஆகாத ஓர் ஆளோடு, ரொம்பக் கொதிக்கும் பாடாவுக்கு முதலில் அனுப்புவேன். அவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். சாமான் வரட்டும் என்று அவர் சொல்வதை நம்பி, டீ கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள். அறையில் இதற்கு மாப்பிள்ளை வண்டி என்று பேர் வைத்தார்கள். மேலதிகாரி என் தோளைத் தட்டிக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாப்பிள்ளை ஒரு தமிழர். அப்பா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கார்டன் ரீச்சுக்குக் கப்பல் பட்டறை வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். வாழ்நாளெல்லாம் கம்பம் ஏறிய லைன்மேன். காதில் ஏதோ கோளாறு வந்து, உயரத்துக்குப் போனால் தலை சுற்றியது. இனி ஏறக்கூடாது என்று டாக்டர் சீட்டே இருந்தது. ஓய்வுக்குச் சில மாதங்கள்தான் பாக்கி. அவரை நான் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வயர்லெஸ்ஸில் நாங்கள் தமிழில் பேசலாம். கூட்டம் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே, “இன்னைக்கு அவங்களுக்கு வராது, ஒரு மணி நேரத்துல வரும்னு சொல்லி வைங்க” என்பேன். அவர் பவ்யமாக வங்காளியில் திரும்பி, ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் தாதா, அதாவது அண்ணா, என்பார்.

ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டார். “சார், என்னைய ஏறச் சொல்ல மாட்டீயள்லா?”

“நீங்க ஏன் ஏறணும்? போய் உக்காருங்க, டீ குடிங்க, திரும்பி வாங்க. அவ்வளவுதான்” என்றேன்.

அந்த வருஷத்து முதல் பெரும் புயலுக்கு மறுநாள் காலை, கார்டன் ரீச் பக்கம் ஒரு பாடாவுக்கு அவரை அனுப்பினேன். இரண்டு நல்ல வண்டிகள் கொஞ்சம் தள்ளி, தண்ணீர் நிலையத்துக்குப் போகும் மின்பாதையில் வேலை செய்தன. இந்தப் பாடாவும் அதே பாதையில்தான் இருந்தது. இதில் விதி ஒன்று உண்டு. லைனில் கை வைக்கும் ஒவ்வொரு குழுவுக்கும் அனுமதி என்று பதிவேட்டில் எழுத வேண்டும். வேலை முடிந்ததும் அனுமதியைத் திருப்பிக் கொடுப்பார்கள். எல்லாம் திரும்பி வந்த பிறகுதான் மின்சாரம் விடலாம். மாப்பிள்ளை வண்டிக்கு நான் எழுதுவதே இல்லை. உட்காரப் போகிறவருக்கு எதற்கு அனுமதி?

பன்னிரண்டு மணிக்கு அவர் கூப்பிட்டார். “ஒரு மாதிரி பேசுதானுவ சார். குடிக்கத் தண்ணி இல்லைன்னு பொம்பளையெல்லாம் வந்து நிக்கி. என்னையக் கூப்பிட்டுக்கிடுங்க.”

“இன்னும் ஒரு மணி நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க” என்றேன். அவர் பயந்திருக்கிறார் என்பது குரலிலேயே தெரிந்தது. தெரிந்துதான் சொன்னேன்.

ஒரு மணிக்கு நான் கேன்டீனுக்குப் போனேன். வயர்லெஸ்ஸைப் பக்கத்து மேஜை வங்காளி நண்பர் பார்த்துக்கொண்டார். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த வண்டியின் டிரைவர் பிறகு சொன்னதுதான் எனக்குத் தெரியும். மாப்பிள்ளை சும்மா உட்காரத்தான் வந்திருக்கிறார் என்பது கூட்டத்துக்கு ஒருவழியாகப் புரிந்துபோனது. சட்டையைப் பிடித்துத் தூக்கி, ஏணியைக் கம்பத்தில் சாய்த்து, ஏறு என்றார்கள். அவர் டாக்டர் சீட்டை எடுத்துக் காட்டினார். அது கிழிந்தது. வயர்லெஸ்ஸில் தமிழில் ஏதோ கத்தினார், பிறகு ஏறினார். மேலே போய், அறுந்து கிடந்த கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் இரண்டு நல்ல வண்டிகளும் வேலையை முடித்து அனுமதியைத் திருப்பின. நண்பர் பதிவேட்டைப் பார்த்தார். இரண்டு அனுமதி, இரண்டும் திரும்பியிருந்தன. மின்சாரத்தை விடச் சொன்னார். அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி.

பாடாவில் எல்லா வீட்டிலும் விசிறி சுற்றியதாம். ஓவென்று சந்தோஷக் கூச்சல் எழுந்ததாம். அதற்குப் பிறகுதான் கம்பத்தைப் பார்த்தார்களாம்.

விசாரணையில் டிரைவர், ஏறுவதற்கு முன் அவர் வயர்லெஸ்ஸில் பேசினார் என்றார். நண்பரைக் கேட்டார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, நாங்கள் வழக்கமாகப் பேசிக்கொள்வதுதான் என்று நினைத்து விட்டுவிட்டார். ஆனால் கெட்டிக்காரர், சத்தம் மட்டும் அவருக்கு நினைவிருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஏருதேன், ஏருதேன்... சுவிச்... போடுராதியோ. இதற்கு என்ன அர்த்தம்?”

ஏறுதேன், சுவிச்சைப் போட்டுராதீய. அந்த அறையில் அது புரிந்தவன் நான் ஒருவன்தான். சொன்னால் நண்பர் மேல் பழி வராது, என் மேல் வரும். அனுமதி எழுதாமல் ஏன் அனுப்பினாய் என்று கேட்பார்கள், மாப்பிள்ளை வண்டி வெளியே வரும். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சாப்பாட்டுப் பொட்டலம் எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார்” என்றேன். மற்ற வண்டிகளுக்கு மதியம் பொட்டலம் போகும். மாப்பிள்ளை வண்டிக்கு அதையும் நான் அனுப்பியதில்லை. எழுதிக்கொண்டார்கள். அனுமதியின்றி ஏறியது இறந்தவரின் அஜாக்கிரதை என்று முடித்தார்கள்.

அவர் மனைவிக்குக் கடிதம் ஆங்கிலத்தில் தயாரானது. தமிழில் படித்துக் காட்ட ஆள் வேண்டுமே, என்னை அனுப்பினார்கள். பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. அஜாக்கிரதை என்ற இடத்தில் நான் நிறுத்தாமல் படித்தேன். அந்த அம்மா அதை மறுக்கவில்லை, சண்டையும் போடவில்லை. அதற்காகத் தயாராகப் போயிருந்த எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“கடைசியா என்ன சொன்னாவ சார்? ஒங்ககிட்டதானே பேசுனாவ?”

விசாரணையில் சொன்னதையே சொன்னேன். வேறு எதைச் சொல்ல?

அதுவரை அழாமல் இருந்தவர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். “காலையிலயும் திங்காமத்தான் போனாவ. அப்ப பசியோடயா சார் போனாவ?”

“ஆமாம்மா” என்றேன்.